ஒளித்துச் சுவைக்கும் கண்ணீர்

தமிழ்ப்பள்ளிகளில் ஆண்டுதோறும் தவறாது தரப்பெறும் கட்டுரைத் தலைப்புகளுள் 'தொலைக்காட்சியின் நன்மை தீமைகள்' என்பதும் ஒன்று. ஜொகூர் மாநிலத்தில் சிகாமட்டிலிருந்து மாசாய் வரை மாணவர்தம் கட்டுரை ஏடுகளைப் புரட்டுவோர் இத்தலைப்பைக் காணாதிருத்தல் அரிது. நன்மைகள் என்னும் பகுதியில் செய்திகளும் அறிவியல் நிகழ்ச்சிகளும் இடம்பெறும். தீமைகள் என்னும் பகுதியில் முதலில் கண்பார்வை கெடும். அடுத்து நேரம் வீணாகும். அதன்பின், பெரும்பாலும் பத்தியின் முடிவில், தொலைக்காட்சித் தொடர்கள் வந்து நிற்கும். அவை குடும்ப அமைதியைக் குலைப்பன, மாமியார் மருமகள் பகையை வளர்ப்பன, பெண்களைச் சோம்பேறிகளாக்குவன. சொற்கள் மாறினும் கருத்து மாறுவதில்லை.

மாணவி இதனை எழுதி ஏட்டை மூடிய அன்றிரவே பாட்டியின் அருகில் அமர்ந்து தொடரைப் பார்க்கிறாள். ஏட்டைத் திருத்திச் 'சிறப்பு' என்று சிவப்பு மையால் எழுதிய ஆசிரியையும் தம் வீட்டில் அதே தொடரைப் பார்க்கிறார். மறுநாள் ஆசிரியர் அறையில் யாரேனும் கதையைத் தொடங்கினால், "நான் பார்ப்பதில்லை, அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், போகிற போக்கில் கண்ணில் பட்டது" என்னும் விடை வருகிறது. போகிற போக்கில் கண்ணில் பட்டவருக்குக் கதைமாந்தர் அனைவரின் பெயரும் தெரிந்திருக்கும். மூன்று மாதங்களுக்கு முன் யார் யாரை ஏமாற்றி எந்தப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார் என்பதும் தெரிந்திருக்கும்.

திறனாய்வு கருத்திற் கொள்ளவேண்டிய வாக்கியம் இது. ஒரு கலைப்பொருளைச் சுவைத்துவிட்டுச் சுவைத்ததை மறுக்கும் மனநிலை எங்கிருந்து பிறக்கிறது? தமிழ் அகப்பொருள் மரபு அன்பின் ஒழுக்கத்தைக் களவு என்றும் கற்பு என்றும் இரண்டாகப் பகுத்தது. தொடர் பார்த்தல் இக்காலக் கற்றோரின் களவொழுக்கம் எனலாம். நூல் வாசித்தல், பட்டிமன்றம் கேட்டல் முதலியன ஊரறிந்த கற்பு. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. தொல்காப்பியர் களவைக் குற்றமாகக் கூறவில்லை. களவுக் காலத்துத் தலைவி அஞ்சுவது அலருக்கே, தன் நெஞ்சுக்கன்று. தொடர் பார்ப்போர் அஞ்சுவதும் அலருக்கே. 'இவர் இதைப் போய்ப் பார்க்கிறாரே' என்று பிறர் கூறிவிடுவரோ என்பதே அச்சம். ஆகவே அதனைக் குற்ற உணர்வு என்பதைவிட நாணம் என்பதே பொருந்தும். குற்ற உணர்வாயின் செய்ததை ஆராயத் தூண்டும். நாணமோ மூடி மறைக்க மட்டுமே தூண்டும். தொடர்களைப் பற்றித் தமிழில் நல்ல திறனாய்வு மிகுதியும் எழாமைக்கு இந்த நாணமும் ஒரு காரணம்.

இந்த நாணம் புதியதன்று. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல்கள் பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வாசிக்கப்பட்டன. அவருடைய 'மேனகா'வில் மருமகளைத் துன்புறுத்தும் நாத்தனார்கள் இன்றைய தொடருக்குள் வந்து நின்றால் யாரும் வேற்றாளாகக் கருதார். வை. மு. கோதைநாயகி அம்மாள் 'ஜகன்மோகினி' இதழை நடத்தி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். அடுக்களைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று அவற்றை ஒதுக்கியோர் பலர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த காலத்தில், அடுத்த இதழுக்காகக் காத்திருந்த உள்ளம் எதுவோ, அடுத்த இரவுக்காகக் காத்திருக்கும் உள்ளமும் அதுவே. அன்று தொடர்கதை வாசிப்பதே மாணவர் கெடுவதற்கு வழி எனப்பட்டது. இன்று அதே நூல் இலக்கிய விழாக்களில் போற்றப்படுகிறது. 'கோலங்கள்' என்னும் தொலைக்காட்சித் தொடரைத் தயாரித்தது விகடன் நிறுவனம் என்பதும் நினைக்கத் தக்கது. தலைமுறை தலைமுறையாகத் தொடர்கதை வளர்த்த ஒரு பத்திரிகை இல்லத்தினின்றும் தொலைக்காட்சித் தொடர் பிறந்திருக்கிறது. இரண்டும் ஒரே கொடியின் காய்கள். மலேசியாவில் 1924 முதல் 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளேட்டின் ஞாயிற்றுப் பதிப்பைக் கதைக்காகவே முதலில் பிரித்தோர் எத்தனையோ பேர். ஆசிரியவுரையை வாசித்ததாகவே அவர்களும் சொல்லியிருப்பர்.

மேலைநாட்டார் இவ்வகைத் தொடரைச் 'சோப்பு நாடகம்' என்றனர். 1930களில் அமெரிக்க வானொலியில் பகற்பொழுதில் இல்லத்தரசியர்க்கென ஒலித்த குடும்பக் கதைகளுக்குச் சோப்பு நிறுவனங்கள் பொருளுதவி செய்தமையால் வந்த ஏளனப் பெயர் அது. இர்னா பிலிப்ஸ் என்னும் பெண்மணி அத்துறையின் முன்னோடி. 1937இல் வானொலியில் அவர் தொடங்கிய 'கைடிங் லைட்' என்னும் தொடர் பின்னர்த் தொலைக்காட்சிக்கு மாறி 2009 வரை நடந்தது. எழுபத்திரண்டு ஆண்டுகள் ஒரு கதை ஓடியதெனின், அதனைக் கேட்டோரும் பார்த்தோரும் அனைவரும் அறிவிலிகள் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அது திறனாய்வு ஆகாது.

ஜொகூர் மக்களுக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உறவு மலேசியாவின் பிற மாநிலங்களில் உள்ளதனின்றும் சற்று வேறுபட்டது. சிங்கப்பூரில் 1963 பிப்ரவரி 15ஆம் நாளும் மலேசியாவில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளும் தொலைக்காட்சி தொடங்கியது. ஜொகூர் பாருவில் கூரைமேல் நிமிர்ந்த அலைவாங்கிகள் தெற்கு நோக்கியும் திரும்பியிருந்தன. நீரிணையைக் கடந்து வரக் கடவுச்சீட்டு வேண்டாத பொருள் அலை ஒன்றே. இவ்வாறு இரு நாட்டுத் தமிழ் நிகழ்ச்சிகளையும் கண்டு வளர்ந்த தலைமுறை ஒன்று அங்குண்டு. 2008இல் சிங்கப்பூரின் வசந்தம் தனி ஒளிவழியான பின்னரும் அவ்வழக்கம் நீடித்தது. எனினும் பெருவெள்ளமாக வந்தது ஆஸ்ட்ரோவே. 1996இல் தொடங்கிய அத்துணைக்கோள் சேவையின் வழியே வானவில்லும், பின்னர்ச் சன் தொலைக்காட்சியும் வீட்டுக்குள் புகுந்தன. மாதக் கட்டணம் ஓராண்டில் எவ்வளவு ஆகிறது என்று கணக்கிட்டுப் பார்க்கும் குடும்பத் தலைவர், கணக்கிட்டு முடித்தபின் தொடர் பார்க்க அமர்ந்துவிடுவார்.

அப்பெருவெள்ளம் வந்த காலம் எது என்பதும் எண்ணத்தக்கது. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. செம்பனையும் பின்னர் வீடமைப்புப் பகுதிகளுக்கு வழிவிட்டது. லயங்களில் வாழ்ந்தோர் மாசாய், பாசிர் கூடாங், ஸ்கூடாய், கூலாய் முதலிய இடங்களில் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். லயத்தில் ஒரு வீட்டு அழுகை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய இரவில் தோட்டமே கூடி அழுதது, கூடிச் சிரித்தது. தாமானில் இரும்புக் கதவு பூட்டப்பட்டது. அடுத்த வீட்டார் சீனராகவோ மலாய்க்காரராகவோ இருப்பர். தமிழராயினும் இரவுப்பணிக்குச் சென்றிருப்பர். கூடி அழும் இடம் போய்விட்டது. அந்நேரத்தில் ஒவ்வொரு பூட்டிய வீட்டுக்குள்ளும் ஒரே நேரத்தில் ஒரே தமிழ்க் கண்ணீர் ஓடியது. காலையில் தொழிற்சாலைப் பேருந்தில் அமர்ந்த பெண்கள் முதல்நாள் கதையைத் தொடங்கியபோது, சிதறிய லயம் ஒன்று அந்தப் பேருந்துக்குள் சிறிது நேரம் கூடியது. தொடர்களைச் சமுதாயச் சீர்கேடு என்று பழித்தோர் இப்பயனைக் கருதினாரல்லர்.

இனி, தொடரின் சுவையை ஆராய்தல் வேண்டும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகையை இரண்டாவதாக வைக்கிறது. அது பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கைக் கூறுகிறது. பிறரால் இகழப்படுதல், உடையதை இழத்தல், முன்னைய நிலையினின்று தளர்தல், இல்லாமை. இந்நான்கையும் கையிற் கொண்டு எந்தத் தொடரையும் பார்க்கலாம். ஐந்தாவது ஒன்று வேண்டாம். திருமுருகன் இயக்கிய 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை 800க்கும் மேற்பட்ட பகுதிகளாக வந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம் என்னும் தந்தையின் கதை அது. டெல்லி குமார் அத்தந்தையாக நடித்தார். அவர் பெறும் துன்பம் வறுமையும் அசைவும். இரண்டாம் மகள் சரோ மாமியாரிடமும் தாய்சொல் தட்டாத கணவன் மாணிக்கத்திடமும் படுவது இளிவு. கதை நெடுகிலும் இவை மாறி மாறி வருகின்றன. மகளைக் காணச் சென்ற தந்தை சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கும் நிலையே அத்தொடரின் உயிர். அங்கே மின்னல் வெட்டும் இசை வேண்டியதில்லை. வயது முதிர்ந்த ஒருவர் தம் மகளின் வீட்டில் உட்காரலாமா நிற்கலாமா என்று அறியாது தயங்குவதைத் தமிழ்க்குடும்பத்தில் பிறந்தோர் எவரும் கண்டிருப்பர். அக்காட்சிகளைக் கண்டு அழுதமைக்கு நாண வேண்டியதில்லை.

பேராசிரியர் என்னும் உரையாசிரியர் அழுகையை விளக்குமிடத்து நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். தான் தன் துன்பத்துக்கு அழுதல் ஒன்று. பிறர் துன்பம் கண்டு அழுதல் மற்றொன்று. பின்னது கருணை எனப்படும். தொடர் பார்க்கும் பெண்ணின் கண்ணீர் இவற்றுள் எது? சரோவுக்காக அழுதாள் எனின் கருணை. சரோவின் பெயரால் தனக்காக அழுதாள் எனின் அவலம். 2020இல் 'மெட்டி ஒலி' மீண்டும் ஒளிபரப்பாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிற்று. நாள்தோறும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்றோர் பலர் அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. ஒரு கிலோமீட்டர் அளவே நீளமுள்ள பாலம் அது. இக்கரையில் நின்றால் அக்கரைக் கட்டடங்களின் சன்னல் விளக்குகள் தெரியும். தரைவழிப் பயணம் முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. பொருள்வயிற் பிரிந்த தலைவனைப் பாடப் பாலைநிலம் வேண்டும் என்ற மரபுக்கு, நீர்நிலம் ஒன்று அன்று விலக்காக நின்றது. அந்த இரவுகளில் மாசாயிலோ கூலாயிலோ தொடரைக் கண்டு ஒரு பெண் அழுதிருப்பின், அது கருணையா அவலமா என்று பிரித்துச் சொல்ல உரையாசிரியராலும் ஆகாது. தனக்காக அழ நேரமும் தனியிடமும் இல்லாதவர்க்குப் பிறர்க்காக அழுதல் ஒரு போர்வை. தொடர் அப்போர்வையைத் தருகிறது.

தொடர்களின் உத்திகளும் ஆகாயத்தினின்று விழுந்தவை அல்ல. மறைந்து நின்று கேட்டல் என்னும் உத்தி இல்லாத தொடர் இல்லை. மாடிப்படியின் வளைவில், கதவிடுக்கில், பூசையறைத் திரைக்குப்பின் எவரேனும் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டேயிருப்பர். சங்க அகப்பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இது புதியதாகத் தோன்றாது. தலைவன் சிறைப்புறத்தானாகத் தோழி கூறும் பாடல்கள் எத்தனை! தலைவன் வேலிப்புறத்தே நிற்பதை அறிந்தும் அறியாதவள்போலத் தோழி பேசுகிறாள். அன்னை அறிந்துவிட்டாள், காவல் மிகுந்துவிட்டது என்கிறாள். கேட்டவன் விரைந்து மணம்பேச வருவான். ஒரே உத்தி, பயன் வேறு. சங்கத்துச் சிறைப்புறம் பிரிந்தோரைச் சேர்க்கிறது. தொடரின் சிறைப்புறம் பாதி கேட்டுவிட்டுச் சேர்ந்தோரைப் பிரிக்கிறது. தோழி தெரிந்தே பேசுகிறாள். தொடரின் மாந்தர் தெரியாமல் பேசுகின்றனர். அறிவால் நடக்கும் கதைக்கும் தற்செயலால் நகரும் கதைக்கும் உள்ள வேறுபாடு இந்த ஓர் உத்தியிலேயே விளங்கும்.

வில்லியாக வரும் அண்ணியும் பழையவளே. நல்லதங்காள் கதையில் பஞ்சம் பிழைக்க ஏழு குழந்தைகளுடன் அண்ணன் வீடு தேடி வந்தவளை, அண்ணன் இல்லாத வேளையில் கதவடைத்து வாட்டிய மூளி அலங்காரியே இன்றைய வில்லியர் அனைவர்க்கும் தாய். நல்லதங்காள் கதையைப் பாடக் கேட்டு அழுத பாட்டியின் பேத்தி தொடரைக் கண்டு அழுகிறாள். ஆயினும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு, அது சிறியதன்று. நல்லதங்காளின் துயரம் கிணற்றில் முடிந்துவிடுகிறது. கேட்டோர் அழுது, எழுந்து, முகம் கழுவி அடுப்பு மூட்டச் செல்வர். தொடரின் துயரத்துக்கு முடிவில்லை. முடியவும் கூடாது. ஏன் என்பதற்கு விடை கலையில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் நெடுந்தொடர்கள் வளர்ந்த காலத்தில், தயாரிப்பாளர் ஒளிவழிக்குக் கட்டணம் செலுத்தி அரைமணி நேரத்தைப் பெற்று, அதற்குரிய விளம்பர நேரத்தை விற்று வருவாய் தேடும் முறை பரவலாக இருந்தது. நல்ல நேரமும் நிலைத்த பார்வையாளரும் ஒருமுறை அமைந்துவிட்டால் அதனை விடுவார் யார்? கதை முடிந்தாலும் தொடர் முடியாது. ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, அதன் கூடத்தில் பத்துப் பேரை நிறுத்தி, ஒருவர் கூறிய சொல்லுக்குப் பத்து முகங்களையும் மும்முறை காட்டினால் ஒரு நாளைக்குரிய பொழுதில் ஒரு பங்கு கழிந்துவிடும். உறங்கும் வேளையிலும் பட்டுப் புடவையும் கழுத்து நிறைந்த நகையுமாகப் பெண்கள் கிடப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டும். அதனைத் தேடுதல் இங்கு வேண்டா.

இவ்விடத்தில்தான் உண்மையான குறையைக் கூற வேண்டியுள்ளது. 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1500க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓடியது. தேவயானி நடித்த அபி குடும்பச் சுமையைத் தாங்குபவள். கட்டடத் தொழிலில் தன் முயற்சியால் உயர்பவள். ஆதி என்னும் பகைவனை எதிர்ப்பவள். அவளுக்குத் துணை நிற்கும் நண்பனாக இயக்குநர் திருச்செல்வமே நடித்தார். அம்மாந்தனுக்கு வைத்த பெயர் தொல்காப்பியன். தமிழாசிரியர் வீட்டில் அப்பெயர் ஒலித்தபோது நாணம் சற்றுக் குறைந்திருக்கலாம்! அபியைப் போன்ற ஒரு பெண்ணைத் தமிழ்த்திரை மிகுதியும் காட்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் ஆறாண்டுகள் அவள் செய்ததில் பெரும்பகுதி பொறுத்துக்கொள்ளுதல். பொறுமை ஒரு பண்பு என்ற நிலை போய், பொறுமையே கதையை நீட்டிக்கும் கருவியாகிவிட்டது. அவள் பொறுக்கும்வரை விளம்பரம் வரும்.

சிலப்பதிகாரத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கோவலன் மாதவியோடு வாழ்ந்த காலமெல்லாம் கண்ணகி தனித்திருந்தாள். அத்துயரை நீட்டிப் பாட இளங்கோவடிகளுக்கு இடமிருந்தது. அவர் நீட்டவில்லை. தேவந்தி வந்து, சோமகுண்டம் சூரியகுண்டம் ஆகிய துறைகளில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவனைப் பெறலாம் என்கிறாள். கண்ணகி ஓரிரு சொற்களில் மறுத்துவிடுகிறாள். தொடராயின் அந்த நீராட்டு ஒரு வாரம் நடந்திருக்கும். ஆற்றங்கரையில் மாதவியும் எதிர்ப்பட்டிருப்பாள். கண்ணகியின் பொறுமை முப்பது காதைகளுக்குள் சினமாகி, மதுரையில் நெருப்பாகி, ஓர் அரசனிடம் கணக்குக் கேட்டது. பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டுவது காப்பியம். எல்லையே இல்லை என்று காட்டுவது தொடர். தொடர்களைப் பழிக்க விரும்புவோர் இதனைப் பழிக்கலாம். 'அழுகை மிகுதி' என்பது பழி அன்று. அழுகைக்குப்பின் ஒன்றும் நிகழாமையே பழி.

இந்த ஆபத்தை அறிவதற்கு இந்தியத் தொலைக்காட்சியின் தொடக்கமே ஒரு சான்று தருகிறது. தூர்தர்ஷன் 1984இல் ஒளிபரப்பிய 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடர், மெக்சிகோ நாட்டில் மிகேல் சபீதோ வகுத்த முறையைப் பின்பற்றி, மக்களுக்கு நல்லறிவு புகட்டும் நோக்கத்துடன் எடுக்கப்பட்டது. அதில் பாகவந்தி என்னும் தாய், தன்னை முற்றிலும் அழித்துக்கொண்டு குடும்பத்துக்கு உழைப்பவள். இவ்வாறு இருத்தலாகாது என்று காட்டவே அவள் படைக்கப்பட்டாள். பின்னர் ஆராய்ந்தோர், பார்வையாளருள் பலர் அவளையே பின்பற்றத்தக்கவளாகக் கொண்டிருந்ததைக் கண்டனர். எழுதியவர் எண்ணியது ஒன்று. பார்த்தவர் பெற்றது மற்றொன்று. துன்புறும் பெண்ணைத் திரையில் நெடுநேரம் நிறுத்தினால், துன்பமே அவளுக்கு அணியாகிவிடுகிறது.

அதே திருச்செல்வம் 2022இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' இதனை வேறொரு பக்கத்திலிருந்து காட்டியது. வீட்டுப் பெண்கள் ஆணாதிக்கத்தை எதிர்த்து எழுதல் அதன் பொருள். ஆயினும் வீடுதோறும் பேசப்பட்டவன் ஆதி குணசேகரன். அவ்வடக்குமுறையாளனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8ஆம் நாள் மறைந்தபோது, தம் வீட்டாருள் ஒருவரை இழந்ததுபோல் பலர் வருந்தினர். அவர் திறமை அத்தகையது. திரையில் அவன் பெண்களை இகழ்ந்து பேசும்போது பார்த்தோர் சினந்தனர், சினந்துகொண்டே சிரித்தனர், மறுநாள் அவனைப்போல் பேசியும் காட்டினர். மறைத்துச் சுவைக்கும் இன்பத்தின் மெய்யான நிலம் இதுவே. கண்ணீர் விட்டதற்கு நாணும் ஒருவர், கொடியவனைச் சுவைத்ததற்கு நாணுவதில்லை. எதை ஆராய வேண்டுமோ அது ஆராயப்படாமல் நழுவிவிடுகிறது.

மொழியைப் பற்றியும் ஒருசொல். ஜொகூர்ச் சிறுவர் பலர்க்குத் தமிழ்ப்பள்ளிக்கு வெளியே நீண்ட தமிழ் வாக்கியங்கள் கேட்கும் இடம் தொடரே. அங்கள், ஆன்டி என்னும் இரண்டே சொற்களுக்குள் சுருங்கிவிட்ட உறவுமுறை, தொடரில் அத்தை, சித்தி, அண்ணி, நாத்தனார், சம்பந்தி, ஓரகத்தி என விரிகிறது. ஓரகத்தி என்றால் யார் என்று வகுப்பில் வினவினால் தொடர் பார்க்கும் மாணவியே முதலில் கையுயர்த்துவாள். அதே வேளையில் பசியாறுதல் என்ற இனிய மலேசியத் தமிழ்ச்சொல்லைத் தொடரில் அவள் ஒருநாளும் கேட்கமாட்டாள். காரைக்குடியையும் சென்னையையும் தெரு தெருவாக அறிந்த பெண்ணுக்கு லாபிசும் ரெங்கமும் திரையில் தோன்றா. பால்மரம் சீவிய தாயும், அதிகாலை நான்கு மணிக்குக் குடியகல்வுச் சாவடியில் வரிசை நிற்கும் தந்தையும் அங்கில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவலில் எழுதிய துயரம், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு மீளாதவரின் துயரம். முந்நூறு இரவுகளுக்குப் போதிய மெய்யான இழவும் இளிவும் அதில் உண்டு. அதனைப் பார்த்து அழும் வாய்ப்பு ஜொகூர்ப் பாட்டிக்குக் கிட்டவில்லை. அவள் காணாத ஒரு மாம்பலத்துக் கூடத்துக்காக அழுகிறாள். உள்நாட்டில் தமிழ் நாடகங்கள் எடுக்கப்படுகின்றன; அவற்றுள் நல்லனவும் உள. ஆயினும் அவற்றைப் பற்றி விரிவாக எழுதப்படும் திறனாய்வுகள் மிகச் சில. தொடரென்றாலே தாழ்ந்தது என்று ஒதுக்கும் நாணம், வெளிநாட்டுத் தொடரைத் தடுக்கவில்லை. உள்நாட்டு நாடகம் வளர வேண்டிய மதிப்பீட்டைத்தான் தடுத்துவிட்டது.

ஆகவே அந்தப் பழைய கட்டுரைத் தலைப்புக்குத் திரும்பலாம். 'தொலைக்காட்சியின் நன்மை தீமைகள்' என்று தருவதற்கு மாற்றாக, நேற்றிரவு பார்த்த பகுதியில் மறைந்து நின்று கேட்டவர் யார், அவர் கேட்காமல் விட்ட பாதி எது என்று மாணவியை எழுதச் சொல்லலாம். அழுதவர்க்கு வந்தது இளிவா இழவா என்று வினவலாம். அதே பகுதியில் கண்ணகி இருந்தால் எத்தனையாவது நிமிடத்தில் எழுந்து நின்றிருப்பாள் என்றும் கேட்கலாம். மாணவி மனப்பாடம் செய்த வாக்கியங்களை விட்டுத் தான் கண்டதை எழுதத் தொடங்குவாள். சில எழுத்துப்பிழைகள் மிகும். ஆசிரியையும் திருத்த அமரும்போது, கதையில் ஒரு செய்தி தவறாக எழுதப்பட்டிருப்பதைக் கண்டு சிவப்பு மையால் வட்டமிட்டு, அண்ணி அன்று அவ்வூரிலேயே இல்லை என்று ஓரத்தில் எழுத நேரலாம்.